காலை நாடி

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
14-7-1986

அன்புத் தங்கை லோகநாயகிக்கு, அண்ணன் உலகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி பஞ்சவர்ணம், குழந்தை வனஜா மூவரும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பதால் எழுதிவிட்டேன். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக அதே ஃபிட்டர். பிரமோஷன் காகிதம் மேஜைக்கு மேஜை நன்றாகத் தூங்கி எழுந்து வந்துகொண்டிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதியவனுக்குக் காத்திருக்கத் தெரியாதா என்ன.

விஷயம் வனஜாதான். பதினொரு வயதுப் பெண் நாலு தோசை தின்றுவிட்டு ஐந்தாவதுக்குத் தட்டை நீட்டுகிறாள். ஆனால் தீபாவளிக்குத் தைத்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, உன் அண்ணி ஊக்கு குத்தி அனுப்புகிறாள். தின்றது எங்கே போகிறதோ! நான் மோர் குடித்தாலே தொப்பையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தைக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஃபேனுக்கு அடியிலும் வேர்க்கிறது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தோம், திருஷ்டி சுற்றினோம்.

போன மாதம் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று டீச்சர் நோட்டை அனுப்பினாள். இரண்டு அடி போட்டேன். மறுநாள் மனசு கேட்காமல், கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தேன். மெஷின் அதிர்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலைதான். காற்றே இல்லை லோகா, காகிதம் படபடவென்று ஆடியது.

என்னோடு வேலை செய்கிற கோவிந்தராஜ் கள்ளிக்குப்பத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "இன்னா அண்ணாத்தே, பாப்பா கழுத்துல இன்னாமோ வீங்கிகினு கீது? கண்ணு வேற முழிச்சிகினு கீது. நீ பாத்துகினு சும்மா கீறியே!" என்றான். தினமும் பார்க்கிற எனக்கு அதுவரை தெரியவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிறவன் நான்!

நீ நர்ஸ் என்பதால் சும்மா கேட்டு வைக்கிறேன். கவலைப்படாதே.

உன் அண்ணன்,
உலகநாதன்

* * *

நாக்பூர்,
22-7-1986

அன்புள்ள அண்ணாவுக்கு, லோகநாயகியின் வணக்கம். அண்ணிக்கும் என் அன்பு. நாங்கள் இருவரும் சௌக்கியம்.

சும்மா கேட்கிற விஷயமில்லை இது. வனஜாவை இனி கையெழுத்துக்காக அடிக்காதீர்கள். அவள் எழுதும்போது கை அவள் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேலை செய்யுங்கள். காலையில் அவள் எழுந்திருக்குமுன், படுத்திருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கி என்னை ஏமாற்ற வேண்டாம். நூறுக்கு மேல் இருந்தால் குவார்ட்டர்ஸ் டாக்டரிடம் நிற்காமல் நேரே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அன்றைய எண்ணிக்கை இருக்க வேண்டும்.

தங்கை,
லோகநாயகி

* * *

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
10-8-1986

அன்புத் தங்கை லோகாவுக்கு ஆசீர்வாதம். உங்கள் நலம் அறிய ஆவல்.

முதலில் கணக்கு. இன்று காலை 138. தூங்குகிற குழந்தைக்கு 138! மாடிப்படி ஏறி இறங்கியபிறகு என் நாடியை எண்ணினேன், 110. அவள் படுத்த இடத்திலேயே என்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய்விட்டோம். அண்ணனூர் ஷெட்டில் நிற்கிற ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வருகிறாள், ஆகையால் அவளுக்குப் பிரயாணம் பிடித்திருக்கிறது. டாக்டர் பார்த்தசாரதி என்று ஒரு பெரியவர். கழுத்தைப் பின்னாலிருந்து தடவிப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார். தைராய்டு என்ற சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறதாம். உடம்பே அந்தச் சுரப்பியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருக்கிறதாம்.

"இன்ஜின்ல வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் போயிட்ட மாதிரியா சார்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஆமாப்பா, கவர்னரைக் கழட்டிப் புதுசு போட முடியாது. அதான் பிரச்னை" என்றார்.

மூன்று வழி சொன்னார். ஒன்று, சுரப்பைக் குறைக்கிற மாத்திரை, இரண்டு வருஷமாவது விடாமல் கொடுக்க வேண்டும். இரண்டு, ஆபரேஷன். மூன்றாவது, சுரப்பியைச் சுட்டுவிடுகிற கதிர்வீச்சு மருந்து, சின்னக் குழந்தைகளுக்கு அதைத் தர அவருக்கு மனசில்லை. ஆகவே ரோஸ் நிற மாத்திரை மூன்று வேளை, படபடப்பு அடங்க இன்னொன்று கொஞ்ச காலத்துக்கு.

"ரெண்டு வருஷத்துல சரியாயிடுமா சார்?" என்று உன் அண்ணி கேட்டாள். "பத்துக் குழந்தைகள்ல மூணு பேருக்கு நிக்கும்மா" என்றார். வெளியே வந்ததும் அவள், "மத்த ஏழு பேரு என்ன ஆவாங்கன்னு நீங்க ஏன் கேக்கல?" என்றாள். நான் ரயிலுக்கு நேரமாச்சு என்றேன்.

அன்புடன்,
உலகநாதன்

* * *

நாக்பூர்,
18-8-1986

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். அங்கு அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

டாக்டர் சரியான வழியில்தான் போகிறார். மற்ற ஏழு பேரும் செத்துப்போவதில்லை என்று அண்ணிக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு மாத்திரையை நீட்டுவார்கள், அல்லது ஆபரேஷன் செய்வார்கள்.

இரண்டு விஷயம். அண்ணிக்குப் படிக்கத் தெரியாதே, இந்தப் பத்தியை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். ஒன்று, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நீங்களாக ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாது. விட்டால், அமுங்கிக் கிடந்தது பல மடங்காகக் கிளம்பும். இரண்டு, இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதனால் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதித்து, டாக்டரைக் கேட்டு உடனே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கே. மறுநாள் இல்லை.

லோகநாயகி

* * *

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
2-11-1986

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா? எங்களுக்குக் கழிந்தது.

கணக்கு: 92. நேற்று 94, முந்தாநாள் 90. எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. ஊக்கு இல்லாமல் பாவாடை நிற்கிறது. படபடப்பு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். டீச்சர் நோட்டில் 'நன்று' என்று போட்டிருக்கிறாள். என் வாழ்க்கையில் என் நோட்டில் அந்தச் சொல் விழுந்ததில்லை, ஆகவே இரண்டு தடவை படித்தேன்.

கண் மட்டும் இன்னும் கொஞ்சம் முழித்தாற்போலத்தான். பள்ளிக்கூடத்தில் முட்டைக்கண்ணி என்கிறார்களாம். "எங்கப்பா ஃபேக்டரியில உங்க எல்லாருக்கும் கண்ணாடி பண்ணித் தருவாரு, என்னை நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வாய் என்னுடையது. மற்றதெல்லாம் அவள் அம்மா, நல்ல வேளை.

உன் அண்ணி அலாரம் வைத்துக்கொண்டு மாத்திரை கொடுக்கிறாள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவள் இப்போது மூன்று மணிகளை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள். கீழே உன் மருமகள் எழுத வேண்டுமாம், இடம் விடுகிறேன்.

உலகநாதன்

அன்புள்ள அத்தைக்கு வனஜா எழுதுவது. நான் நலம். என் கையெழுத்து நேராக இருக்கிறதா? அப்பா காலையில் ஐந்தே முக்காலுக்கு வந்து கட்டிலில் உட்காருவார். நான் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிவிடுவேன். எண்ணும்போது அவர் மீசை ஆடும். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் நாடி ஏறிவிடும், அத்தை கோபித்துக்கொள்வாள் என்று சொல்கிறார். நீங்கள் கோபித்துக்கொள்வீர்களா? பொங்கலுக்கு வருவீர்களா?

* * *

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
8-2-1987

அன்புத் தங்கை லோகாவுக்கு ஆசீர்வாதம். பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைக்காதது பற்றி வனஜா உன்மேல் வழக்குத் தொடர இருக்கிறாள். இடையில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் என்று வைத்துக்கொள்.

கணக்கு: 108.

இரண்டு வாரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை, உன் அண்ணி மேல் சத்தியம். கழுத்து மறுபடி தெரிகிறது. டாக்டர் பார்த்தசாரதி அளவைக் கூட்டியிருக்கிறார். "ரொம்பச் சின்ன வயசுல வந்து, வீக்கமும் பெரிசா இருந்தா மாத்திரைக்கு லேசுல அடங்காதுப்பா" என்றார். மே மாத லீவில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமாம். அதற்குமுன் நாடியை மாத்திரையால் இறக்கிவிட்டு, கடைசிப் பத்து நாள் அயோடின் சொட்டு மருந்து கொடுத்து, பிறகு சுரப்பியில் பெரும்பகுதியை வெட்டி எடுப்பார்களாம். பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்பு இருக்கிறதாம். அதில் கை பட்டால் குரல் போகும் என்றும் மறைக்காமல் சொன்னார். மனுஷன் நல்லவர். கொஞ்சம் மறைத்திருக்கலாம்.

பத்தில் மூன்றில் நாங்கள் இல்லை போலிருக்கிறது. எந்தப் பட்டியலில்தான் நான் முதல் மூன்றில் வந்திருக்கிறேன்!

உலகநாதன்

* * *

நாக்பூர்,
16-2-1987

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம். வனஜாவுக்கு முத்தம். அவளுடைய வழக்கில் நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பயப்படாதீர்கள். மே மாதம் ஒரு மாத லீவு சொல்லிவைத்துவிட்டேன். நான் பக்கத்தில் இருப்பேன். அதுவரை நாடியை இறக்குவதுதான் உங்கள் இருவர் வேலை. நாடி இறங்காமல் எந்த டாக்டரும் கத்தியை எடுக்க மாட்டார். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக்கூடாது.

உங்கள் வேடிக்கைப் பேச்சு எனக்குப் பிடிக்கும் அண்ணா. ஆனால் வேடிக்கை கூடினால் நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்பா போனபோதும் அப்படித்தான் எழுதினீர்கள்.

லோகநாயகி

* * *

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
26-3-1987

அன்புத் தங்கை லோகநாயகிக்கும் மாப்பிள்ளைக்கும் அநேக ஆசீர்வாதம். அங்கே வெயில் எப்படி? இங்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.

நம் வீட்டுக்குப் பெரிய இடத்து விருந்தாளி வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை வனஜாவுக்கு உடம்பு கொதித்தது, மத்தியானம் முதுகில் முத்து முத்தாக. பக்கத்து பிளாக்கில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகளுக்கு வந்திருந்தது, அம்மைதான். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. எதிர்வீட்டு ஃபோர்மன் சம்சாரம் ஜெகதாம்பாள் அம்மாள் வந்து சட்டதிட்டங்களை ஒப்பித்துவிட்டுப் போனாள்: வீட்டில் தாளிக்கக் கூடாது, நான் சவரம் செய்துகொள்ளக் கூடாது, யாரும் வாசலைத் தாண்டி ஆஸ்பத்திரி, கடை என்று கண்ட இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. மூன்று நாள் தாடியில் நான் சினிமாவில் தங்கை கல்யாணத்தில் அழுகிற அண்ணன்போல் இருக்கிறேன்.

திருவேற்காட்டுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறது. இளநீர், மோர், கூழ். மாத்திரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் மறுபடி ஆரம்பித்துவிடலாம். ஏழெட்டு நாள் விஷயம்.

வரதனை நீ மறந்திருக்கலாம், உனக்கு அப்போது நாலு வயது. நம் தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது அப்பா பேச்சைக் கேட்டுக் கம்பவுண்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தவன் நான். எனக்குப் பத்து வயது. புட்டியின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

குழந்தை வெள்ளைத் துணியில் படுத்திருக்கிறாள். உன்னைக் கேட்டாள்.

உலகநாதன்

* * *

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆவடி,
30-3-1987

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். போன கடிதம் கிடைத்திருக்கும். உன் பதில் வருவதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று உச்சி வேளை. இரண்டு நாளாகவே குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். முத்துகள் காய ஆரம்பித்துவிட்டன, ஆனால் சூடு இறங்கவில்லை. தொட்டால் அடுப்புக்கல். திடீரென்று பாயில் எழுந்து உட்கார்ந்தாள். கை கால் உதறுகிறது, தலை ஆடுகிறது, கண் இரண்டும் அகல விரிந்து இமைக்கவே இல்லை. வேகவேகமாக என்னவோ பேசுகிறாள். உன் அண்ணி அலறிய சத்தத்தில் ஜெகதாம்பாள் அம்மாள் ஓடிவந்தாள். வந்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆத்தா வந்துட்டாடி! கற்பூரம் எடு!" என்றாள்.

பத்து நிமிஷத்தில் பிளாக் முழுக்க எங்கள் கூடத்தில். மஞ்சள் தண்ணீர், சாம்பிராணி. மாடிவீட்டு நாகம்மா காலில் விழுந்து, "தாயே, எம்புள்ளைக்கு வேலை எப்போ கிடைக்கும்?" என்று அழுதாள். வனஜா, "ரயில் போவுது, ரயில் போவுது" என்றாள். "ரயில்வேயில கிடைக்கும்ங்கறா!" என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

லோகா, நானும் விழுந்தேன். சாமி, பூதம் என்றால் கிண்டல் பண்ணுகிறவன் என்று பெயர் எடுத்தவன், என் மகள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. வாயில் வந்தது, "பிரமோஷன் எப்போம்மா வரும்?" அதைத்தான் கேட்டேன். இதைவிடப் பெரிய கோமாளி ஆவடியில் இல்லை.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வலது கையை என் பக்கம் நீட்டினாள். "பாருங்க, காப்பு கேக்கறா!" என்றாள் ஜெகதாம்பாள் அம்மாள். தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினாள். பெரிய வளையல்கள், முழங்கை வரை ஓடிவிட்டன. கை நீட்டியபடியே இருந்தது. இன்னும் ஒருத்தி மாட்டினாள். அப்புறம்தான் கை தாழ்ந்தது.

இப்போது தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் இருக்கிறாள். நாளைக்கு முதல் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார்கள்.

உலகநாதன்

* * *

தந்தி
நாக்பூர், 31-3-1987

உலகநாதன், ஆவடி. மாத்திரை நிறுத்தியது ஆபத்து. இந்த நிமிஷமே ஆஸ்பத்திரி கொண்டுபோகவும். தைராய்டு என்று சொல்லவும். புறப்படுகிறேன். லோகநாயகி.

* * *

நாக்பூர்,
22-4-1987

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுத எனக்கு வரவில்லை. நான் ஊர் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. கதவைத் திறந்ததும் காலில் தட்டுப்பட்டது உங்கள் முப்பதாம் தேதிக் கடிதம். நான் ரயிலில் உங்களிடம் வந்துகொண்டிருந்தபோது அது என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. வனஜாவை மண்ணில் வைத்துவிட்டு வந்து, அவள் தூங்குகிறாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

உங்கள் கூடத்தில் வந்தது ஆத்தா இல்லை. அடக்கி வைத்திருந்த சுரப்பு, மாத்திரையும் இல்லாமல் காய்ச்சலும் சேர்ந்து, ஒரேயடியாகக் கிளம்பியது. உதறல், பிதற்றல், கொதிப்பு எல்லாம் அதுதான். டாக்டர் பார்த்தசாரதி எனக்குக் கேஸ் தாளைக் காட்டினார். ஐஸ் வைத்திருக்கிறார்கள், மூக்கு வழியாக மாத்திரையைக் கரைத்துச் செலுத்தியிருக்கிறார்கள், அயோடின், ஊசி, செலைன் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கொண்டுவந்தபோது நாடி 196. அன்று சாயங்காலமே இதயம் களைத்து நின்றுவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை. "எத்தனை நாளா மாத்திரை இல்ல?" என்று கேட்டாராம். எட்டு நாள் என்றீர்களாம்.

வரதனுக்கு வந்தது பெரியம்மை அண்ணா. அந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் போயிருப்பான். இதை உங்களிடம் முப்பது வருஷம் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

'மாத்திரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். யார் நிறுத்தியது என்று எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. காசு முடிந்து வைத்த கை யாருடையதோ அந்தக் கைதான். காரியத்தன்று அண்ணி வந்து என் தோளைத் தொட்டாள். உதறிவிட்டேன். அத்தனை தடவை எழுதியும் எட்டு நாள் மாத்திரையை எடுத்து ஒளித்தவளோடு எனக்குப் பேச்சில்லை. இனி அவளைக் கேட்டதாக என் கடிதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

லோகநாயகி

* * *

ஆவடி,
10-5-1987

அன்புள்ள லோகாவுக்கு,

மேலே துணைக்கு யாரையும் எழுதவில்லை. யாரை எழுதுவதென்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பஞ்சவர்ணம் தினமும், "லோகா கிட்டருந்து காயிதம் வந்துதா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தியது அவள் இல்லை. நான்.

அம்மை கண்ட அன்று சாயங்காலம் அலாரம் அடித்ததும் அவள் வழக்கம்போல் மாத்திரையை எடுத்தாள். நான் பிடுங்கி டப்பாவோடு சாமி மாடத்தில் வைத்தேன். "டாக்டரு ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னாரேங்க" என்றாள். எனக்கு வரதன் வாயோரம் வழிந்த மருந்துதான் கண்ணில் நின்றது. ஊரே அப்பாவைத் தூற்றியது உனக்குத் தெரியாது. அம்மை கண்ட உடம்பில் மருந்தை ஊற்றிப் பிள்ளையைக் கொன்றவன் என்றார்கள். அப்பாவைச் சொன்னார்கள், வாங்கிவந்தவன் நான். அப்போதிருந்து ஒன்றைச் சிரித்துச் சிரித்து மறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அது வெளியே வந்துவிட்டது. சாமியை நம்பி நிறுத்தவில்லை லோகா. பயத்தில் நிறுத்தினேன்.

இரண்டாம் நாள் அவள் இளநீரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். டம்ளருக்கு அடியில் ரோஸ் நிறம். கொட்டிவிட்டுக் கத்தினேன். அவள் விடவில்லை. "லோகா சொல்லட்டும், நிறுத்தறேன். அவ நர்ஸு, அவளுக்குத் தெரியும்" என்றாள். நான் உன் ஆகஸ்டு மாதக் கடிதத்தை எடுத்தேன். அவளை எதிரில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். 'காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு.' அதோடு கடிதத்தை மடித்துவிட்டேன். அந்த வரி முடியவில்லை. மிச்சம் இருந்ததை என் கண் பார்த்தது, வாய் படிக்கவில்லை.

"அவளே சொல்லிட்டாளா? அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகு டப்பாவைத் தொடவில்லை.

இன்றுவரை அவள் நம்புவது இதுதான்: லோகா சொன்னபடி செய்தோம், குழந்தை போய்விட்டது. நீ அவள் கையை உதறிய அன்று வீட்டுக்கு வந்து என்னிடம், "பாவம், தான் சொல்லி இப்படி ஆயிடுச்சேன்னு லோகாவுக்கு எம் மூஞ்சியைப் பாக்க முடியல. நீங்க அவளை ஒண்ணும் கேட்டுடாதீங்க" என்றாள்.

இன்னொன்று. அந்தக் கை. எட்டு மாதம் தினமும் ஐந்தே முக்காலுக்குக் கண்ணைத் திறக்காமல் அவள் எனக்கு நீட்டிய கை. உச்சி வேளையில் அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்து அதைத்தான் நீட்டினாள். எனக்கு அப்போதே தெரிந்தது. ஆறு நாளாக நான் எண்ணவில்லை. பிடித்தால் எண்ண வேண்டும், எண்ணினால் என்ன வரும் என்று தெரியும். வளையல் மாட்டட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோவிந்தராஜ்தான் தினமும் வந்து ஷிஃப்டுக்கு இழுத்துப்போகிறான். "இன்னா அண்ணாத்தே, ஒரு ஜோக்கு கூட சொல்ல மாட்டேன்றியே" என்கிறான். பிரமோஷன் காகிதம் போன வாரம் வந்துவிட்டது. ஜெகதாம்பாள் அம்மாள், ஆத்தா வாக்கு பலித்தது என்று இனிப்புக் கேட்டு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இன்று கட்டிலில் உட்கார்ந்து என் கையை நானே பிடித்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். 72. ஒரு துளி பிசகில்லை. வெட்கமாக இருந்தது.

பஞ்சவர்ணத்திடம் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். முடியவில்லை. நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நடந்ததை நடந்தபடி, யார் நிறுத்தினது, உன் வரியில் மீதி என்ன இருந்தது, எல்லாம் எழுது. அவளுக்கு வருகிற கடிதத்தைப் படித்துக் காட்ட இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. எதிரில் உட்காரவைத்துப் படிக்கிறேன்.

இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

உலகநாதன்